நாகம்மாள் கேட்ட பங்கு: ஷண்முகசுந்தரத்திடம் பெருமாள்முருகன் வாங்கியது என்ன?

நொய்யல்வாசி
சனி, இரவு 9.40

போன வாரம் ஈரோட்டில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரரோடு சண்டை வராத குறை. "பெருமாள்முருகன் என்னங்க புதுசா எழுதிட்டாரு? எல்லாம் ஆர். ஷண்முகசுந்தரம் போட்ட கோலம். இவரு கலர்ப்பொடி தூவிட்டாரு, அவ்வளவுதான்" என்றார். அதற்குள் ரசம் வந்துவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

இரண்டு பேரும் கொங்கு நாட்டு நாவலாசிரியர்கள். முன்னவரிடம் பின்னவர் பெருமாள்முருகன் வாங்கியிருக்கிறார் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஷண்முகசுந்தரத்தின் நாவல்களை ஆய்வு செய்துதான் பெருமாள்முருகன் முனைவர் பட்டம் வாங்கினார், அவரைப் பற்றித் தனியாகப் புத்தகமும் எழுதியிருக்கிறார். 1977இல் ஷண்முகசுந்தரம் இறந்தபோது இவர் திருச்செங்கோட்டுப் பக்கம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உறவெல்லாம் புத்தகத்தோடுதான்.

ஷண்முகசுந்தரத்தின் நாகம்மாள் நாவல் 1942இல் வந்தது. எழுத்தாளர் கு.ப.ரா. முன்னுரை. படிக்காதவர்களுக்காக நாலு வரியில் கதை. கணவனை இழந்த நாகம்மாள், சின்ன மகளோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஆனால் இவளுக்கு அந்த வீட்டில் கை ஓங்க வழியில்லை. ஊர்ச்சண்டியன் கெட்டியப்பன் பக்கத்தில் வந்து நிற்கிறான், மணியக்காரரும் தூபம் போடுகிறார். 'என் பங்கைப் பிரிச்சுக் குடு' என்கிறாள். கடைசியில் சின்னப்பன் அடிபட்டுச் சாகிறான். கதை அங்கேயே வெட்டென்று நின்றுவிடுகிறது.

என் கட்சி இதுதான்: பெருமாள்முருகன் கோலத்தை எடுக்கவில்லை, இந்தப் 'பங்கு' என்ற சொல்லை எடுத்தார். பிறகு அதைத் தன் நாவல்களில் நாலு திசையில் ஓட்டினார். ஏறுவெயில் (1991): காலனி கட்ட நிலத்தையே எடுத்துக்கொள்கிறார்கள், பங்கு கேட்க மண்ணே இல்லை. கூளமாதாரி (2000): பங்கு என்ற பேச்சுக்கே வெளியில் இருப்பவர்கள். மாதொருபாகன் (2010): பங்கு இருக்கிறது, வாங்கிக்கொள்ளப் பிள்ளை இல்லை. அப்புறம் ஆலவாயன் (2014). அதற்குக் கடைசியில் வருகிறேன். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.


காவிரிக்குக் கிழக்கே
சனி, இரவு 10.15

நான் தஞ்சாவூர்ப் பக்கம், வெளியாள் என்ற உரிமையில் கேட்கிறேன். எங்கள் ஊரில் வயல் என்றால் நெல். இந்த இரண்டு பேரிடமும் 'காட்டுக்குப் போனான், காட்டில் உழுதான்' என்றே வருகிறது. முதல் தடவை படித்தபோது யாரோ வனத்தில் ஏர் ஓட்டுகிறான் என்றே நினைத்தேன். சிரிக்காதீர்கள்.


கொறங்காடு
சனி, இரவு 10.32

சிரிச்சாச்சுங்க. எங்களுக்குக் காடு என்றால் மானாவாரி நிலம். மேட்டாங்காடு என்றும் சொல்வோம். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால்தான் வயல். மாடு மேய விட்டது கொறங்காடு, சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். காங்கயம் காளை அதைத் தின்றுதான் அந்தக் கட்டுக்கு வந்தது.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், 1942இல் கீழ்பவானி வாய்க்கால் கிடையாது. பவானிசாகர் அணை 1955இல்தான் முடிந்தது. நாகம்மாள் காலத்தில் இந்தப் பக்கம் மழை வந்தால் சோளம், கம்பு. கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினால் இன்னும் கொஞ்சம். அவ்வளவே. அவள் பங்கு கேட்கிற மண் அப்படிப்பட்ட மண். சோற்றுக்கும் பட்டினிக்கும் நடுவில் இருக்கிற வரப்பை நகர்த்தச் சொல்கிறாள்.


கரூர் பஸ்
ஞாயிறு, காலை 6.50

நொய்யல், நீங்கள் பெருமாள்முருகனைத் தூக்குவதற்காக ஷண்முகசுந்தரத்தைத் தரையில் உட்கார வைக்கிறீர்கள். 'ஓட்டினார்' என்றால் முன்னால் போய்விட்டார் என்று அர்த்தமா? நாகம்மாளில் நாகம்மாளுக்கும் கெட்டியப்பனுக்கும் நடுவில் என்ன என்று ஆசிரியர் வாயைத் திறக்கவே மாட்டார். ஊர் ஒன்று சொல்லும், அவள் நடை ஒன்று சொல்லும். நாம்தான் முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதே விஷயம் பெருமாள்முருகன் கையில் கிடைத்திருந்தால் முப்பது பக்கம் உள்மனசைத் தோண்டியிருப்பார். வாங்கியவர் வாங்காமல் விட்டது அந்த வாயடக்கத்தைத்தான். நஷ்டம் யாருக்கு?


நொய்யல்வாசி
ஞாயிறு, காலை 8.05

கரூர் அண்ணா, வாயடக்கம் பற்றி நீங்கள் சொல்வது சரி. நாகம்மாள் சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அந்த முடிவில் யார் மேல் பழி என்று ஆசிரியர் கை காட்டுவதும் இல்லை.

ஆனால் மொழி விஷயத்தில் ஒரு படி நகர்ந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்வீர்களா? ஷண்முகசுந்தரத்தில் ஆட்கள் பேசினால் கொங்குத் தமிழ். ஆசிரியர் பேசினால் எல்லோருக்குமான எழுத்துத் தமிழ். பாத்திரங்கள் கோவணத்தோடு வரப்பில் நிற்கிறார்கள், கதை சொல்பவர் மட்டும் துவைத்த வேட்டியில் கரையில் நிற்கிறார் என்று சொல்லலாம். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய துணிச்சல். கூளமாதாரியில் கதை சொல்பவனே காட்டுக்குள் இறங்கிவிடுகிறான். செடி, பூச்சி, ஆட்டின் வகை, மேகம் எல்லாமே ஆடு மேய்க்கிற பையன்களின் சொல்லில்தான் வருகிறது. கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்த மனிதருக்கு அந்தச் சொற்களெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருக்கும்.


செம்மறி
ஞாயிறு, காலை 11.20

எல்லோரும் கவுண்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் ஆட்டுப் பட்டிப் பக்கம் வாங்க.

நாகம்மாளில் அந்தக் காட்டில் வேலை செய்தவர்கள் யார்? களை எடுத்தது, மாடு ஓட்டியது, எரு சுமந்தது? ஓரத்தில் வந்து போவார்கள். சண்டை முழுக்க நிலம் உள்ளவர்களுக்குள்தான். அண்ணிக்குப் பங்கு உண்டா, கொழுந்தனுக்கு எவ்வளவு. அந்த நிலத்தில் விடிந்தால் அடைந்தால் கிடந்தவனுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

கூளமாதாரி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி, செவுடி. பெயரைப் பாருங்கள், ஒன்றாவது பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரா? பண்ணயத்துக்கு, அதாவது பண்ணையாள் வேலைக்கு விடப்பட்ட சக்கிலியப் பிள்ளைகள். ராத்திரி பட்டிக் காவல், பகலில் ஆடு, கவுண்டர் வீட்டு மிச்சச் சோறு. கவுண்டர் மகன் செல்வனும் கூளையனும் சேர்ந்து விளையாடுகிறார்கள், ஆனால் விளையாட்டில் தோற்றால் அடி யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எங்கள் அப்பா பத்து வயதில் இப்படி ஒரு பண்ணயத்தில் இருந்தவர். எந்த ஊர், யார் தோட்டம் என்பதெல்லாம் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வார். கவுண்டச்சி கம்மஞ்சோற்று உருண்டையை மேலிருந்து போடுவாராம், இவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கரைத்த மோரும் மேலிருந்தே விழும். விரல் இடுக்கில் வழிந்து முழங்கை வரை ஓடியதை நக்கிக்கொண்டே ஆட்டுக்குப் பின்னால் ஓடியதாகச் சொல்வார், சிரித்துக்கொண்டே. நான் கூளமாதாரி படித்துக் காட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. "எழுதுனவரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கவுண்டர் வீட்டுப் பையன் என்றேன். "பாத்திருக்கான்" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே 'தாண்டினாரா' என்ற கேள்விக்கு என் பதில்: அதே காட்டில் எதிர் வரப்பில் போய் உட்கார்ந்தார். அதற்கும் ஒரு எல்லை உண்டு. பார்த்தவன் எழுதியதுதான், பட்டவன் எழுதியது இல்லை.


கரூர் பஸ்
ஞாயிறு, மதியம் 12.45

செம்மறி, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. உங்கள் அப்பாவிடம் நான் வணக்கம் சொன்னதாகச் சொல்லுங்கள்.


வக்காலத்து
ஞாயிறு, மாலை 4.30

கோபியில் முப்பது வருஷம் சிவில் வழக்கு நடத்தியவன். நாவல் விமர்சனம் எனக்கு வராது. ஆனால் நீங்கள் எல்லோரும் 'பங்கு, பங்கு' என்று எழுதுவதால் ஒரு கேள்வி: 1942இல் நாகம்மாளுக்குப் பங்கு இருந்ததா?

இந்து விதவைக்குக் கணவனின் பங்கில் உரிமை கொடுத்த சட்டம் 1937இல் வந்தது. அனுபவிக்கலாம், விற்க முடியாது. ஆயுள் வரைக்குமான உரிமைதான். ஆனாலும் பாகம் கேட்கலாம். சிக்கல் என்ன என்றால், விவசாய நிலம் அன்றைக்கு மாகாணத்தின் அதிகாரத்தில் இருந்தது. மத்தியில் போட்ட அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனியாகச் சட்டம் போட்டு அதை விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947இல். முழு உரிமை வந்தது 1956 வாரிசுரிமைச் சட்டத்தில்.

நாவல் வந்த வருஷம் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. பிரியாத குடும்பம், ஆண் வாரிசு இல்லாத விதவை, கேட்பது காடு. நாகம்மாள் என் ஆபீசுக்கு வந்திருந்தால், "அம்மா, ஜீவனாம்சம் கேட்கலாம், பாகம் கேட்க முடியாது" என்றுதான் சொல்லியிருப்பேன். ஷண்முகசுந்தரம் சட்டப் புத்தகம் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போக வழியில்லாத ஒரு கோரிக்கை எங்கே போகும்? கெட்டியப்பன் மாதிரி ஆளிடம்தான் போகும். இப்படிப் படித்தால் அந்தக் கடைசி அடிக்குக் காரணம் வேறு மாதிரித் தெரிகிறது.


நொய்யல்வாசி
ஞாயிறு, மாலை 5.10

ஐயா, இதைக் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சொல்லியிருக்கக் கூடாதா!

இப்போது ஆலவாயனுக்கு வருகிறேன். மாதொருபாகன் கடைசியில், பிள்ளையில்லாத பொன்னாவின் கணவன் காளி பூவரச மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திவிட்டு, பிறகு இரண்டு தொடர்ச்சி எழுதினார். அர்த்தநாரியில் காளி பிழைத்திருக்கிறான். ஆலவாயனில் செத்துவிடுகிறான், பொன்னா வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறாள். தொண்டுப்பட்டியில் (காட்டில் ஆடுமாடு அடைக்கிற இடம்) அவள், மாமியார் சீராயி, அம்மா வல்லாயி என்று மூன்று பெண்கள், ஒரு காடு. கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது. அதாவது நாகம்மாள் காலம், நாகம்மாள் நாடு, நாகம்மாளைப் போலவே இள வயதில் தாலி அறுத்தவள். என்னைப் பொறுத்தவரை இது எழுபது வருஷம் கழித்து நாகம்மாளுக்கு எழுதிய பதில். அவர் அப்படி நினைத்து எழுதினாரா என்பது வேறு. சட்டப்படி பொன்னாவின் நிலைமை என்ன, ஐயா?


வக்காலத்து
ஞாயிறு, இரவு 8.00

தலைகீழ். காளி ஒரே மகன், அப்பன் முன்பே போய்விட்டார். கூடப்பிறந்த ஆண் இல்லாததால் கொழுந்தன் என்று ஒருவன் இல்லை. அப்படிப்பட்டவன் ஆண் பிள்ளை இல்லாமல் செத்தால் பழைய இந்து சட்டத்திலேயே நிலம் மனைவி கைக்கு வரும், ஆயுள் உரிமையாக. வயிற்றில் இருப்பது பையனாகப் பிறந்தால் சொத்து அவனுக்கு, அம்மா கார்டியன் மாதிரிப் பார்த்துக்கொள்வாள். எப்படிப் பார்த்தாலும் பொன்னாவைக் காட்டை விட்டு இறக்க யாருக்கும் வழியில்லை. பங்காளிகள் வயிறு எரியலாம், அவ்வளவுதான்.

கொழுந்தன் இல்லாத நாகம்மாள். ஒரே ஒரு ஆளைக் கதையிலிருந்து எடுத்ததில் கொலையும் போயிற்று, கெட்டியப்பனும் தேவைப்படவில்லை.


கரூர் பஸ்
ஞாயிறு, இரவு 8.25

அதாவது கஷ்டமான முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றையே மாற்றிவிட்டார் என்று நானும் சொல்லலாம் இல்லையா? சின்னப்பன் என்ற நல்லவன் எதிரே நிற்பதுதான் நாகம்மாளின் பலம். இவளும் நியாயம், அவனும் நியாயம். ஆலவாயனில் எதிர்க்க ஆள் இல்லை.


செம்மறி
ஞாயிறு, இரவு 8.40

கரூர், சீராயியை மறந்துவிட்டீர்கள். அவளும் இள வயதில் புருஷனைப் பறிகொடுத்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். வாயில் வராத கெட்ட வார்த்தை கிடையாது. நாகம்மாள் அந்த ஊரில் கிழவியாகும் வரை உயிரோடு இருந்திருந்தால் எப்படி இருப்பாள்? எனக்குச் சீராயி முகம்தான் வருகிறது. வாங்கினார் என்றால் இங்கேதான் வாங்கினார். பொன்னாவைவிடச் சீராயியிடம் நாகம்மாள் ரத்தம் அதிகம்.


கரூர் பஸ்
ஞாயிறு, இரவு 9.02

இது நல்ல அடி. யோசிக்கிறேன்.


பூந்துறை
திங்கள், காலை 10.10

இவ்வளவு நாள் இங்கே படிப்பது மட்டும்தான், எழுதியதில்லை. எங்கள் அமுச்சிக்கு (பாட்டிக்கு) எண்பத்து நாலு வயது. கண் புரை, படிக்க முடியாது. போன சித்திரையில் நாகம்மாளைத் தினம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். அமுச்சியும் இருபத்தாறு வயதில் தனியானவர், வெள்ளைச் சீலைதான் இன்னும்.

கதையில் பாதி வரை ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார். நாகம்மாள் பங்கு கேட்கிற இடம் வந்ததும் உரல் நின்றது. "எத்தன வள்ளம் காடு?" என்றார். (வள்ளம் எங்கள் பக்கத்துப் பழைய நில அளவு.) எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கெணறு யார் பக்கம்?" அதுவும் தெரியவில்லை. "கெணத்துல பங்கில்லாமக் காட்ட மட்டும் வாங்கி என்ன பண்றது? இவளுக்கு ரோசம் இருக்குது, கணக்கு இல்ல" என்று மறுபடி இடிக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் அமுச்சியின் தகரப் பெட்டியில் இருக்கிறது. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்றும், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுக்கொள்ளலாம் என்றும், தென்புற வாய்க்காலில் நடைபாதை உரிமை என்றும் எழுதியிருக்கும். அதை வாங்க எட்டு வருஷம் ஆயிற்றாம். யாரோடு மல்லுக்கட்டினார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் இன்னும் போய் வருகிறோம்.

சின்னப்பன் செத்தபோது அமுச்சி, "பாவம், அவனும் என்ன பண்ணுவான்" என்றார். நாகம்மாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.


கொறங்காடு
திங்கள், காலை 10.45

அக்கா, கிணறு யார் பக்கம் என்ற கேள்வியை வைத்து ஆராய்ச்சி மாணவர்கள் நாலு பேர் பட்டம் வாங்கலாம். பங்கு பிரிப்பில் அடிதடி நடப்பது பாதிக்கு மேல் கிணற்றில்தான். கூளமாதாரியும் கிணற்றில்தானே முடிகிறது.


காவிரிக்குக் கிழக்கே
திங்கள், மதியம் 1.30

ஒரு சின்னச் சந்தேகம். ஷண்முகசுந்தரமும் யாரிடமாவது வாங்கியிருப்பாரே?


நொய்யல்வாசி
திங்கள், மாலை 6.20

அவர் இந்தி வழியாக வங்க நாவல்கள் பலவற்றை மொழிபெயர்த்தவர். பதேர் பாஞ்சாலியும் அதில் ஒன்று. சரத் சந்திரர் அந்தக் காலத்துத் தமிழ் வாசகர்களுக்கெல்லாம் வீட்டு ஆள் மாதிரி. கிராமத்து மனிதர்களை முழு நாவலுக்கு நாயகர்களாக வைக்கலாம் என்ற தைரியம் அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. ஆனால் பங்கு கேட்டு நிற்கிற அந்த அண்ணி வங்காளத்திலிருந்து வந்தவள் இல்லை. நம் ஊர் மணியக்காரர் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் நின்றவள்.

பூந்துறை அக்கா, அமுச்சிக்கு ஆலவாயனையும் படித்துக் காட்டுவீர்களா? கட்டாயம் இல்லை. பந்திக்காரருக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும்.


பூந்துறை
வெள்ளி, இரவு 9.55

ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. நடுவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.

காளி தொங்கிய இடத்தில் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். போகவில்லை. சீராயி ஒப்பாரி வைக்கும் இடத்தில் கூடவே முனகினார். மூன்று பொம்பளைகளும் தொண்டுப்பட்டிக்குக் குடி வந்ததும் முகம் தெளிந்துவிட்டது. "ராத்திரிக்கு நாய் இருக்குதா?" என்று கேட்டார். அப்புறம், "கெழவிக ரெண்டும் இருக்கறவரைக்கும் கவலையில்ல. அதுக்கப்புறம் இவ ஒருத்திதானே" என்றார்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் குரல் வந்தது.

"கண்ணு, கெணறு யார் பக்கம்னு சொல்லியிருக்குதா?"

இந்தத் தடவை பதில் தெரிந்திருந்தது. "முழுக்க இவளுதுதான் அமுச்சி, பங்காளி யாரும் இல்ல."

"அப்பச் சரி, நாளைக்குப் படி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.